பன்றியின் செல்லுக்குள் வைரஸ் எப்படிப் போகிறது என்று ஆராய்வது வெட்டி வேலையா?

பன்றிக்கு வருகிற வைரஸ் எந்தப் புரதத்தைப் பிடித்துச் செல்லுக்குள் போகிறது என்று வருஷக்கணக்கில் ஆராய்கிறார்களே, யாருக்கு என்ன லாபம் என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். கோபம்தான் வருகிறது. மாட்டு நோய் என்றால் இப்படிக் கேட்போமா? பன்றி என்றாலே முகம் சுளிக்கிற பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

பி.ஆர்.ஆர்.எஸ். என்று ஒரு நோய். சினைப் பன்றிக்குச் சினை கலையும், குட்டிகளுக்கு மூச்சு இரைக்கும். 2013-ல் மிசோரமில் பரவியது. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே போய் இந்த வைரஸ் பெருகும். முதலில் செல்லின் மேலே இருக்கும் ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைத் தொடரிலும் சிடி169 என்ற புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். செல் அதைச் சின்னப் பை மாதிரி மடித்து உள்ளே இழுக்கும். பைக்குள் அமிலம் ஏறும். அங்கே சிடி163 என்ற இன்னொரு புரதம் இருந்தால்தான் உறை கழன்று வைரஸின் மரபணு வெளியே வரும்.

ஒட்டுகிற புரதத்தை எடுத்துவிட்டால் நோய் வராது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ராண்டல் பிரதர் குழு சிடி169 இல்லாத பன்றிகளை உருவாக்கிப் பார்த்தது. அவற்றையும் வைரஸ் தொற்றியது. அதே குழு சிடி163-ஐ நீக்கிப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டது: வைரஸைக் கொடுத்தும் பன்றிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை! ஆனால் ரத்தத்தில் சிதறும் ஹீமோகுளோபினை அள்ளி எடுப்பதும் சிடி163-இன் வேலை. அதனால் எடின்பரோவில் ராஸ்லின் ஆய்வகத்தார் அந்தப் புரதத்தில் வைரஸுக்குத் தேவைப்படும் ஐந்தாவது பகுதியை மட்டும் நீக்கினார்கள். அதுவும் பலித்தது. இந்த நோய் தொற்றாத மரபணு திருத்திய பன்றிகளை உணவுக்கு வளர்க்க 2025-ல் அமெரிக்கா அனுமதியும் கொடுத்துவிட்டது. ஒட்டுவது வேறு, நுழைவது வேறு என்று பிரித்துப் பார்த்ததால் வந்த பலன் இது.

பன்றிகளைக் கொல்லும் இன்னொரு வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இது நடக்கவில்லை. சிடி163 இல்லாத பன்றிகளையும் அந்த வைரஸ் விடவில்லை. அது ஒரே வழியை நம்பியும் இல்லை. சின்னப் பை வழியாகவும் போகும், செல் பெரிய மடக்காக விழுங்கும்போது அதோடும் போகும். இதைப் பிடித்தால் போதும் என்று சொல்ல ஒரு புரதம் கையில் இல்லை. 2020-ல் அது இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை எல்லாம் கொன்று புதைக்கிறோம். நோயில்லாத பன்றியும் அதில் போகும்.

புதுச்சேரி ஓட்டல்களின் மீதிச் சாப்பாட்டை நீல டிரம்களில் குட்டியானையில் ஏற்றிக் கடலூர்ப் பக்கம் கொண்டுபோய் வெண்பன்றி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாம்பார் சோற்றில் ஒரு துண்டு பன்றிக்கறி கிடந்து, அதில் வைரஸ் இருந்தால் போதும், பண்ணையே போய்விடும். கொதிக்கவைத்துப் போட்டால் வைரஸ் செத்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் தினமும் அத்தனை டிரம்மையும் கொதிக்கவைக்க விறகு வேண்டும், ஆள் வேண்டும். நோய் வந்த பிறகு நஷ்டஈட்டுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை இந்த அடுப்புக்கு முன்னாலேயே கொடுக்கலாம் என்பது என் கருத்து.

அப்புறம், புதுச்சேரி குரும்பாபேட் கால்நடைக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளே, மேற்படிப்புக்குத் தலைப்பு தேடும்போது யார் என்ன கேலி செய்தாலும் இந்த வைரஸ் செல்லுக்குள் போகும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடலூர்ப் பண்ணைகள் ரொம்பத் தூரமில்லை.