போட்டது கறுப்பு, கடித்தது நீலம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி கார்த்திகையில் மாலை போட்டேன். கடைவீதியில் அவசரமாக எடுத்த ரெண்டு கறுப்பு வேட்டி, ரெண்டு சட்டை. சீக்கிரம் காயுமே என்று பாலியஸ்டர். பத்து நாளில் இடுப்பு, உள்தொடை, அக்குள் எல்லாம் தடித்துத் தூக்கம் போச்சு. "விரதத்துல ஏதோ குறை சாமி" என்றார் குருசாமி. மெடிக்கலில் "படைதான் சார்" என்று ஸ்டீராய்டு கலந்த ட்யூப் ஒன்றைத் தந்தார்கள். பூசினால் அடங்கும், விட்டால் சேர்த்து வைத்துக் கிளம்பும். மாலையைக் கழற்றியதும் தானாகவே போய்விட்டது. குருசாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த வருஷம் அதே வேட்டி. ரெண்டே நாளில் ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை தோல் டாக்டரிடம் போனேன். கையைத் தூக்கச் சொன்னார். அக்குள் குழிக்குள் ஒன்றுமில்லை, சட்டை உரசும் ஓரம் மட்டும் சிவப்பு. "சென்ட், ஸ்ப்ரேன்னா குழிக்குள்ள வரும். இது துணி." முதுகில் பேட்ச் டெஸ்ட், அதாவது சந்தேகப்படும் பொருளையெல்லாம் துளித்துளியாக ஒட்டி எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பது, ரெண்டு நாள் குளிக்காமல். டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124 என்ற ரெண்டு நீலத் துணிச் சாயங்கள் ஒட்டிய இடங்கள் கொப்பளித்திருந்தன.

கறுப்புத் துணிக்கு எப்படி நீலம்? பாலியஸ்டர் கறுப்பு என்பது பெரும்பாலும் நீலம், ஆரஞ்சு, ஊதா எல்லாம் கலந்த கலவையாம். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடும். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் அப்படியில்லை. 130 டிகிரி சூட்டில் இழைக்குள் புகுந்து சும்மா உட்கார்ந்திருக்கும். சரியாக ஏறாத சாயம் வியர்வையிலும் உரசலிலும் வெளியே வந்து தோலில் ஏறும். இறுக்கமான லெக்கிங்ஸ், சுடிதார் லைனிங் எல்லாம் இதே கதைதான். "அவளுக்கு சென்சிட்டிவ் ஸ்கின்" என்று பழியை உடம்பின் மேல் போட்டுவிடுகிறோம்.

எனக்குக் கோபம் லேபிள் மேல்தான். எத்தனை சதவீதம் பாலியஸ்டர், என்ன விலை எல்லாம் போடுகிறார்கள், என்ன சாயம் என்று ஒரு வார்த்தை கிடையாது. புற்றுநோய் உண்டாக்கும் அமீன் என்ற வேதிப்பொருட்களை வெளியிடும் அசோ வகைச் சாயங்களுக்கு 1997-லேயே இங்கே தடை வந்தாச்சு. ஆனால் அரிப்பு யார் கணக்கில் வருகிறது? (சாயப்பட்டறையில் ரியாக்டிவ் சாயப் பவுடரை நிறுத்துக் கொட்டுகிறவருக்கு ஒவ்வாமை மூச்சிரைப்பாகவே வரலாம். அது தனிப் பதிவு.)

இந்த வருஷம் பருத்தி வேட்டி எடுத்து மூணு தண்ணி அலசித்தான் கட்டினேன். சட்டை வாங்கும்போது வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தேன். முதல் கடையிலேயே கைக்குட்டை நீலமாகிவிட்டது. "ஒரு வாஷ்ல சரியாயிடும் சாமி" என்றார் கடைக்காரர்.