ஜேலண்ட் லோவும் அந்த 26 சதவீதமும்

2025-இல் நம் கென்டக்கி கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர் குழுவில் ஒருவர் எழுதிய ஒற்றை வரி அன்று இரவு முழுதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஜேலண்ட் லோ நம் கென்டக்கி அணிக்கு வருகிறார் என்ற செய்தி வந்த சூட்டிலேயே, "26 சதவீதக்காரனா நமக்குப் பாயிண்ட் கார்டு?" என்று கேட்டிருந்தார். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்தான் பாயிண்ட் கார்டு. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புகள். லோ அப்போது 20 வயதுப் பையன். கென்டக்கி பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டனில் அவர் பெட்டியைக்கூட இறக்கி வைத்திருக்கவில்லை.

தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலில் 2024-25 பருவத்தில் அவர் கூடையில் போட்டது 26.6 சதவீதம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பருவத்தில் ஆட்டத்துக்கு 16.8 புள்ளிகளும் 5.5 அசிஸ்ட்டுகளும் (சக வீரர் கூடையில் போட வழிசெய்யும் பந்துக் கடத்தல்) எடுத்தவரும் அவர்தானே, அதை ஏன் ஒருவர்கூட எழுதவில்லை? அந்தப் பருவத்தில் 17 வென்று 15 தோற்ற அணி பிட்ஸ்பர்க். நான் பார்த்த ஆட்டங்களில், பந்தை எறிந்தாக வேண்டிய 30 விநாடிக் கெடு (ஷாட் கிளாக்) தீரப்போகும் நேரத்தில், மற்றவர்கள் தயங்கித் தயங்கிக் கடத்திய பந்து கடைசியில் இவர் கைக்கே வந்து சேர்ந்தது. அப்படி எறிந்ததெல்லாம் இவர் கணக்கில்தான் ஏறும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பீர்கள். என் மகனும் பள்ளி அணியில் பாயிண்ட் கார்டு. சென்ற குளிர்காலத்தில் ஓர் ஆட்டம் முழுவதும், எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் "அவனை எறிய விடாதீர்கள்" என்று கத்திக்கொண்டே இருந்தார். திரும்பும்போது காரில் ஷூ கயிற்றை அவிழ்த்தபடி, தலை நிமிராமல், "14-ல 3தாம்பா உள்ள போச்சு" என்றான். நான் கேட்கவே இல்லை. அவனே எண்ணி வைத்திருந்தான்.

"கென்டக்கி சாதாரண அணியா? எட்டுச் சாம்பியன் பட்டம் வென்ற இடத்தில் எதிர்பார்ப்பு இருக்கத்தானே செய்யும்?" என்பீர்கள். இருக்கட்டும். எறியத் தெரியாதவர் என்றால் எதிரணி தள்ளி நின்று கூடைக்குப் போகும் உள்வழியை அடைத்துவிடும் என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் இதேபோல் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து 2024-இல் லமான்ட் பட்லர் நம் அணிக்கு வந்தபோது, "தடுப்பாட்டம் மட்டும்தான், எறிய வராது" என்று சொன்னவர்களும் நம்மிடையே இருந்தார்கள். 2024 டிசம்பரில் நம் பரம எதிரியான லூயிவில்லுக்கு எதிராக அவர் 10 முறை எறிந்து 10-ஐயும் கூடையில் போட்டார். அவற்றில் 6 மூன்று புள்ளி எறிதல்கள். ஃப்ரீ த்ரோக்களும் சேர்த்து மொத்தம் 33 புள்ளிகள். அன்று நம் சொந்த அரங்கமான ரப் அரினாவில் நாம் எல்லோரும் எழுந்து நின்றோம். முன்பு பேசியதற்காக ஒருவராவது வருத்தப்பட்டோமா?

லோவைத் தேர்ந்தெடுத்தவர் பயிற்சியாளர் மார்க் போப். 1996-இல் இதே கென்டக்கிக்குப் பட்டம் வாங்கித் தந்த அணியின் தலைவர்களில் ஒருவர். நம் கண்ணில் பட்ட அந்த விகிதம் அவர் கண்ணில் படாமலா போயிருக்கும்?

"இப்போது கல்லூரி வீரர்களும் பணம் வாங்குகிறார்கள், விமர்சனத்தையும் வாங்கட்டும்" என்கிறார் இன்னொரு நண்பர். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பணம் கொடுத்துவிட்டால் ஒரு பையனை வந்த நாளே சிரித்து அனுப்பலாமா என்று மட்டும் கேட்கிறேன். குறை சொல்லுங்கள், ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்த வரியை எழுதியவர் எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். என் மகன் அதைப் படித்துவிட்டான். "இவரையுமாப்பா?" என்று கேட்டான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.