ஆர்கானிக் லேபிள் சாயத்தைப் பற்றிச் சொல்லாது
'ஆர்கானிக் காட்டன்' என்று லேபிள் இருந்தாலே ரசாயனம் இல்லாத துணி என்று ஆர்கானிக் உடை பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அது பஞ்சு விளைந்த விதத்தைத்தான் சொல்லும், சாயம் ஏறிய விதத்தை அல்ல. துணியில் ஆர்கானிக் நார் எவ்வளவு என்று மட்டும் சான்று தரும் ஓசிஎஸ் (OCS) முத்திரையும் அப்படித்தான். ஆர்கானிக் துணிக்கான உலகளாவிய தரச் சான்றான ஜிஓடிஎஸ் (GOTS) முத்திரைதான் சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை வரை பார்க்கிறது. அதிலும் முழு 'ஆர்கானிக்' தரத்துக்கு 95 சதவீதம் ஆர்கானிக் நார் வேண்டும், அடுத்த தரத்துக்கு 70 போதும். திருப்பூர்க்காரன் நான், சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவன். பஞ்சோடு கேள்வியை நிறுத்த மனம் வரவில்லை. அப்புறம், லேபிள் உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது என மேலே கருத்துகளில் ஒருவர் கேட்டிருந்தார்: ஜிஓடிஎஸ் முத்திரையோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும், அந்த எண்ணை ஜிஓடிஎஸ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.