ஒளிந்து வாழ்ந்தது தண்டனையா?

ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் சோதனை செய்துவிட்டு, போருக்குப் பிறகு தென் அமெரிக்காவில் ஒளிந்து வாழ்ந்த டாக்டர் மெங்கலே பற்றிய படம் ஞாயிற்றுக்கிழமை முடிந்து நடந்த கலந்துரையாடல் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் பேசியதை வெட்டிப் போட்ட வீடியோவும் சுற்றுகிறது. அதனால் நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. மேடையில் இருந்த மூத்தவர் சொன்ன ஒரு வரிதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "முப்பது வருஷம் பயந்து பயந்து வாழ்ந்தானே, அதைவிட என்னம்மா தண்டனை வேணும்?"

அது தண்டனை இல்லை ஐயா.

1949-ல் போலிப் பெயரில் இத்தாலியின் ஜெனோவாவில் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினான். சரி, அப்போது பயந்துதான் போனான். ஆனால் 1956-ல் தன் சொந்தப் பெயரிலேயே மேற்கு ஜெர்மனி பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து போய்ப் பெற்ற மகனோடு பனிச்சறுக்கு விளையாடியிருக்கிறான். பையனுக்கு அவனை 'ஃப்ரிட்ஸ் மாமா' என்றுதான் தெரியும். இறந்துபோன தம்பியின் மனைவியை 1958-ல் உருகுவேயில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். ஜெர்மனியின் குன்ஸ்பர்க்கில் விவசாய இயந்திரங்கள் செய்யும் கம்பெனி நடத்திய குடும்பம் கடைசிவரை அவனைத் தாங்கியது. 1960-ல் அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த இன்னொரு நாஜி ஐக்மனை இஸ்ரேல்காரர்கள் தூக்கிய பிறகுதான் பயம் சரியாகப் பிடித்தது. பிரேசில் பண்ணையில் கண்காணிப்புக் கோபுரம் கட்டி உட்கார்ந்திருந்தானே, அந்தப் பயம். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். செய்ததை நினைத்து வந்தது இல்லை. 1977-ல் மகன் தேடிப் போய் நேருக்கு நேர் கேட்டபோதும் அவன் வருந்தவில்லை.

"வில்லனையும் மனுஷனாகக் காட்டுவதுதான் கலை" என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். தெரியும். படம் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. நன்றாக எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் பயமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் அவன் தோளோடு ஒட்டிப் போனால் கதவு தட்டும் சத்தத்துக்கு நம் நெஞ்சும் அடித்துக்கொள்கிறது. வெளியே வரும்போது "பாவம், கிழவன்" என்கிறோம். என் பின்வரிசையில் சொன்னார்கள், என் காதால் கேட்டேன்.

"நீங்க ரெட்டைப் பிறவி, அதான் உணர்ச்சிவசப்படுறீங்க" என்றும் ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கு அது வலித்தது, மறைக்கவில்லை. ஆமாம், நானும் என் தங்கையும் இரட்டையர், பதினொரு நிமிட வித்தியாசம். ஒன்பது வயதில் எனக்கு மஞ்சள் காமாலை. ஒட்டிக்கொள்ளும் என்று என்னைப் பெரியம்மா வீட்டில் வைத்துக் கீழாநெல்லிச் சாறு கொடுத்தார்கள். தங்கை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தனக்குக் கொடுத்த பிஸ்கட்டை ஜன்னல் கம்பி வழியாக வைத்துவிட்டுப் போவாள். பத்தியம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

பல வருடம் கழித்துத்தான் ஈவா மோசஸ் கோர் சொன்னதைப் படித்தேன். 1944-ல் பத்து வயதில், தன் இரட்டைச் சகோதரி மிரியமோடு ஆஷ்விட்சில் இறங்குகிறார். "இரட்டையர்! இரட்டையர்!" என்று கத்திக்கொண்டே வந்த நாஜி எஸ்எஸ் படைக்காரன் அம்மா கையிலிருந்து இருவரையும் பிரித்துக்கொண்டு போனான். ஒரு நாள் ஏதோ ஊசி போட்டார்கள், ஈவாவுக்குக் கடும் காய்ச்சல். இன்னும் இரண்டு வாரம்தான் இருப்பாள் என்று மெங்கலே சொன்னான். அந்த நாட்களில் மிரியம் தன் பங்கு ரொட்டியைத் தின்னாமல் ஈவாவுக்கு அனுப்பினார். இதைப் படித்த இரவு தங்கைக்குப் போன் செய்தேன், பேச முடியவில்லை. அப்படி இருக்க நான் உணர்ச்சிவசப்படாமல் எப்படிப் பேசுவது?

"அந்த ஈவாவே மன்னித்துவிட்டாரே" என்பீர்கள். உண்மைதான், 1995-ல் ஆஷ்விட்சிலேயே நின்று சொன்னார். அது அவர் மன்னிப்பு. தன் மனப் பாரத்தை இறக்கிவைக்கத் தனக்காகச் செய்ததாகவே சொன்னார். உயிர்பிழைத்த மற்ற இரட்டையர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பாப்கார்ன் பையோடு உட்கார்ந்திருந்த நமக்கு அதை எடுத்து வழங்க என்ன உரிமை இருக்கிறது?

தண்டனை என்றால் கூண்டில் நிற்கவேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். 1985 பிப்ரவரியில் ஜெருசலேமில் அந்த இரட்டையர்கள் கூடி, மெங்கலே இல்லாமலேயே அவன்மேல் பகிரங்க விசாரணை நடத்தினார்கள். ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். அவனோ 1979-லேயே பிரேசிலின் பெர்ட்டியோகா கடலில் குளிக்கும்போது செத்து, எம்பு என்ற ஊரில் வேறொருவர் பெயரில் புதைக்கப்பட்டிருந்தான். செத்து ஆறு வருடம் ஆனவனிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரியாது. இதற்குப் பிறகுமா "வேறென்ன தண்டனை வேணும்" என்கிறீர்கள்?

அவன் ஆஷ்விட்சிலிருந்து ரத்த மாதிரிகளை அனுப்பிவைத்த பேராசிரியர் ஃபெர்ஷூவர் ஒளியக்கூட இல்லை. 1951-ல் மேற்கு ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் எதற்குப் பயந்து வாழ்ந்தார்?

மிரியமின் சிறுநீரகங்கள் பத்து வயதுப் பிள்ளையின் அளவுக்கு மேல் வளரவே இல்லை. 1987-ல் ஈவா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அப்புறம் புற்றுநோய் வந்தது. அன்று என்ன ஊசி போட்டார்கள் என்று தெரிந்தால் உதவும் என்று அந்தக் கோப்புகளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1993-ல் மிரியம் இறந்துபோனார்.

அந்த ஊசியில் என்ன இருந்தது என்பது மெங்கலேவுக்குத் தெரியும். பிரேசிலில் உட்கார்ந்திருந்த அத்தனை வருடமும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்ல வந்தது இதைத்தான். அதற்குள் நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள்.