சாவி பாலத்துக்கு அந்தப் பக்கம்

இன்றைக்குக் காலை ஒன்பது ஐம்பதுக்கு பினாங்குத் தீவில் இருக்கும் எங்கள் நூலகத்தின் முதல் மாடி அவசரக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பத்து மணிக்கு அதே மாடியில் பிள்ளைகளுக்குக் கதை நேரம். முப்பத்திரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது, பயத்தில் இல்லை, கோபத்தில்.

தள்ளினாலே திறக்க வேண்டிய இரட்டைக் கதவு அது. இடுப்பு உயரத்தில் குறுக்கே கம்பி இருக்கும், சின்னப் பிள்ளை சாய்ந்தாலும் திறந்துவிடும், அதற்காகத்தான் அந்தக் கம்பியே. இரண்டு கம்பியையும் சேர்த்து, சைக்கிளுக்குப் போடுகிற பச்சை உறைச் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பித்தளைப் பூட்டை மாட்டியிருக்கிறார்கள். உறை ஓரிடத்தில் கிழிந்து உள்ளே துரு தெரிகிறது. கதவுக்கு மேலே 'கெலுவார்' என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. வெளியேறும் வழி என்று விளக்குப் போட்டுவிட்டு அதற்குக் கீழே பூட்டுப் போட ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

கீழே ஓடினேன். வாசல் நாற்காலியில் புது ஜாகா, அதாவது காவலாளி. இந்த மாதத்தில் நான்காவது புது ஆள். அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது, சட்டை இரண்டு அளவு பெரிது, கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது.

"ஐயா, மாடிக் கதவுல சங்கிலி போட்டது யாரு?"

"ராத்திரி ஆளு போட்டிருப்பாரும்மா. நான் ஏழு மணிக்குத்தான் வந்தேன். அக்கரையில, பிறை ஊர்ல ஒரு தொழிற்சாலையில ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு நேரா இங்க அனுப்பிட்டாங்க."

"சாவி எங்கய்யா?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஒரு டார்ச் லைட், அதில் பேட்டரி இல்லை. கையொப்பப் புத்தகம். பாதி சாப்பிட்ட பிஸ்கட் பொட்டலம். சாவி இல்லை.

ஒன்பது ஐம்பத்து மூன்றுக்குக் காவல் நிறுவனத்தின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஐம்பத்தைந்துக்கு வாட்சாப்பில் பூட்டின் படத்தோடு அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பத்து மணிக்குப் பெற்றோர் பிள்ளைகளோடு வரத் தொடங்கிவிட்டார்கள். பத்து ஐந்துக்கு "வந்துகிட்டு இருக்கேன்" என்று ஒரு வரி. எங்கிருந்து, எத்தனை மணிக்கு, சாவியோடா என்று கேட்டேன். பத்து இருபதுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பத்தரைக்கு அவரே கூப்பிட்டார். சாவி இரவு ஜாகாவின் சட்டைப் பையில் போய்விட்டதாம், அவர் நிபோங் திபாலில் இருக்கிறாராம், மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்ப் படுத்துவிட்டார், கைப்பேசியை அணைத்துவிட்டார். பன்னிரண்டு மணி நேரம் தனியாக நின்ற மனிதர் தூங்கத்தான் செய்வார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சங்கிலி போடச் சொன்னதே இந்த சூப்பர்வைசர்தான். போன வாரம் யாரோ அந்தக் கதவு வழியாகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம், ஒரே ஆள் இரண்டு வாசலையும் பார்க்க முடியாதாம், அதனால் ஒன்றைப் பூட்டிவிட்டார்களாம். ஆள் பற்றாது என்றால் ஆள் போடு. கதவைப் பூட்டாதே.

பிள்ளைகளை மேலே ஏற்ற நான் ஒப்பவில்லை. கீழே நாளிதழ்ப் பகுதிக்கு அழைத்துவந்தேன். தினமும் காலையில் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து நாற்காலியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இருந்த பொறுப்பில் கால்வாசி அந்த நிறுவனத்துக்கு இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அப்புறம் கடைத்தெருவுக்கு நடந்துபோய், இரும்புக்கடை அப்பெக்கிடம், அந்தச் சீனப் பெரியவரிடம், பூட்டு வெட்டுகிற பெரிய கத்திரி ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி வந்தேன். ஐயா சங்கிலியை இழுத்துப் பிடிக்க நான் கத்திரியை அழுத்தினேன். என் பலம் போதவில்லை. அவரும் ஒரு பிடியில் கை வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது தடவையில்தான் பூட்டுத் துண்டானது. மணி பதினொன்று இருபத்தைந்து. ஒன்றரை மணி நேரம்! தீப்பிடித்தால் ஒன்றரை நிமிடம் கிடைக்குமா?

2017 செப்டம்பரில் கோலாலம்பூர் கெராமாட்டில் சமயப் பள்ளி விடுதி எரிந்து இருபத்து மூன்று பேர் இறந்ததை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. பெரும்பாலோர் சின்னப் பையன்கள். ஜன்னலில் எல்லாம் கம்பி. வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் அது நான்தான். மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தேன். சட்டத்தை மீறினால் முதலாளிக்கு 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அதை நான் நூலக நிர்வாகக் கூட்டத்தில் சொன்னபோது தலையாட்டினார்கள். அதே கூட்டத்தில்தான் இருப்பதிலேயே மலிவான காவல் கொட்டேஷனையும் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு ஜாகாவுக்கு மாதம் 2,450 வெள்ளி என்று அந்த நிறுவனம் போட்டிருந்தது. அன்றைக்கே கணக்குப் போட்டுக் காட்டினேன், இப்போதும் போடுகிறேன். அடிப்படைச் சம்பளம் 1,700, அதற்குக் கீழே கொடுக்கச் சட்டம் விடாது. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, ஆறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏழரை. ஜாகா நிற்பதோ பன்னிரண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் தினம் மூன்றரை மணி நேரம் ஓவர்டைம், 26 நாளுக்கு 91 மணி நேரம். மணிக்கு 8.72 என்றால் ஒன்றரை மடங்கு 13.08. ஓவர்டைம் மட்டும் 1,190. சம்பளத்தோடு 2,890. இபிஎஃப் என்கிற சேமநிதியில் முதலாளி கட்ட வேண்டியது 221. ஆக 3,111. சொக்சோ காப்புறுதி, சீருடை, பயிற்சி, நிறுவனத்தின் லாபம் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. 3,111 ஆகிற ஆளை 2,450க்கு ஒருவர் எப்படித் தருவார்? யாருடைய வயிற்றில் அடித்துத் தருவார்? இதைக் கேட்டேன். "அது அவங்க கவலை" என்று பதில் வந்தது.

அது நம் கவலைதான். ஒரு நாற்காலியில் இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். பன்னிரண்டு மணி ஷிப்ட்டில் ஆறு நாள் வந்தால் ஒருவர் 72 மணி நேரம் நிற்பார், இரண்டு பேர் 144. மீதி 24 மணி நேரத்துக்கு மூன்றாவது ஆள் வேண்டும், கொஞ்ச நேரத்துக்குத்தான் என்றாலும் வேண்டும். அந்த மூன்றாவது ஆளை இவர்கள் வைத்துக்கொள்வதே இல்லை. யாராவது விடுப்பு எடுத்தால் வேறு இடத்தில் இரவெல்லாம் நின்றவரைப் பிடித்துக் காலையில் இங்கே உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்படி வந்தவர்தான் இந்த ஐயா. கட்டடத்தில் எத்தனை வாசல் என்று கூட யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒவ்வொரு புது ஆளுக்கும் காட்டுகிறேன், இந்த மாதத்தில் நான்காவது தடவை. படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். இவரா ஒரு திருடனைத் துரத்த வேண்டும்? இவரை வீட்டில் அல்லவா தூங்க விட வேண்டும்?

ஒப்பந்தத்தில் இனி அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், இபிஎஃப் எல்லாவற்றையும் வரி வரியாகப் பிரித்துக் காட்டாத கொட்டேஷனை எடுக்கவே கூடாது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். வெட்டிய பூட்டின் படத்தையும் சேர்த்தே கொடுப்பேன்.

பகல் ஒரு மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். மூச்சு வாங்க மாடிக்கு ஏறி, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டிக்கொண்டே, "பூட்டு எங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஐயாவும் சிரித்தார், சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். காலையிலிருந்து அவர் சாப்பிட்டது அந்த பிஸ்கட் மட்டும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே அழைத்துப்போய் என் சோற்றில் பாதியை எடுத்து வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே மணியைப் பார்த்தார். ஏழு மணிக்கு மறுபடியும் பிறையில் ஷிப்ட்டாம்.