அறைக்குள் கீரை வளர்ப்பவர்கள் கணக்கில் எடுக்காத தண்ணீர்

அடுக்கு வைத்து, எல்இடி வெளிச்சத்தில் லெட்டூஸ் என்ற சாலட் கீரையையும் பேசில் என்ற துளசி இன மூலிகையையும் வளர்க்கும் திட்ட அறிக்கைகளில் விளக்குக்கு நாலு பக்கம் இருக்கும், உரக் கரைசலுக்கு ரெண்டு பக்கம் இருக்கும். செடி குடிக்கிற தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. “ஏசி உண்டு” என்று முடித்துவிடுவார்கள். விளக்கைக் குறைத்தாவது ஈரம் எடுக்கும் இயந்திரத்தை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

100 சதுர மீட்டர் வளர்பரப்பு. லெட்டூஸுக்கு இலைமட்டத்தில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 250 மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளியை எண்ணும் அளவு) வெளிச்சம், 16 மணி நேரம். ஒரு நாளைக்கு 14.4 மோல் ஆயிற்று, தாராளமாகப் போதும். நல்ல எல்இடி ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 3 மைக்ரோமோல் தரும் என்றால், இழப்பையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 90 வாட். மொத்தம் 9 கிலோவாட், நாளைக்கு 144 யூனிட். இலை மூடி வளர்ந்த நிலையில் இந்த வெளிச்சத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர்வரை ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 லிட்டர். பெரும்பகுதி விளக்கு எரியும்போதுதான், அதாவது மணிக்கு ஒன்பது லிட்டர் அளவில்.

இப்போது அறையைப் பாருங்கள். 300 கன மீட்டர் காற்று, 24 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்று முழுவதிலும் உள்ள ஆவி ஐந்து லிட்டருக்கும் குறைவு. இன்னும் இரண்டு லிட்டர் சேர்ந்தால் 100 சதவீதம். ஈரம் எடுப்பது நின்று, வெப்பநிலை அப்படியே இருந்தால் கால் மணி நேரம் தாங்காது. ஈரம் ஏற ஏறச் செடி ஆவி விடுவதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

“ஏசியே ஈரத்தை எடுக்கிறதே” என்பார்கள். எடுக்கும், சூடு இருக்கிறவரை. விளக்கு அணைந்ததும் சூட்டுச் சுமை போய்விடும், தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்திவிடும். 24 டிகிரி, 70 சதவீதக் காற்றின் பனிநிலை, அதாவது ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 18 டிகிரிக்குச் சற்று மேலே. அறை 19 டிகிரிக்கு இறங்கினாலே ஈரப்பதம் 95. செடி புதிதாக ஒரு சொட்டுகூட விட வேண்டியதில்லை. விடியற்காலையில் இலைமேல் முத்து முத்தாக நீர் நிற்பது இதனால்தான். பேசிலில் அடிச்சாம்பல் நோயும் லெட்டூஸில் சாம்பல் பூஞ்சையும் அந்த இருட்டில்தான் வேலை பார்க்கின்றன. சந்தேகத்துக்குப் பெரிய ஏசியாகப் போடுவது இன்னும் மோசம். சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் ஏசியின் குளிர்சுருளில் ஒட்டிய நீர் திரும்ப அறைக்கே ஆவியாகும்.

ஆகவே ஈரம் எடுக்கும் தனி இயந்திரம் (டீஹியூமிடிஃபயர்), இல்லையென்றால் குளிர்வித்த காற்றை மறுபடி சூடாக்கித் தரும் அமைப்பு. வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். பல நிறுவனங்கள் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்ததைப் போடுகின்றன. உங்கள் அறை 24 டிகிரி, 70 சதவீதம். அங்கே அந்த எண்ணைவிட மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். உங்கள் வெப்பநிலைக்கான அட்டவணையைக் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு யூனிட்டுக்கு இரண்டரை லிட்டர் எடுக்கும் இயந்திரம் என்றால் 150 லிட்டருக்கு 60 யூனிட். அந்த இயந்திரத்தின் சூடும் விளக்கின் சூடும் அறைக்குள்ளேதான். இரண்டையும் வெளியே தள்ள ஏசிக்கு மேலும் 65 முதல் 70 யூனிட். விளக்குக்கு ஆகும் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இன்னொரு செலவு. அமெரிக்காவின் பெரிய அடுக்குப் பண்ணை நிறுவனங்களையே பாருங்கள்: 2023இல் ஏரோஃபார்ம்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டது, 2024இல் பவரி மூடியது, 2025இல் பிளென்டியும் திவால் பாதுகாப்புக்குப் போனது. காரணங்கள் பல. ஆனால் கொழுத்த முதலீட்டோடு வந்தவர்களே தாக்குப்பிடிக்காத தொழிலில் இவ்வளவு பெரிய செலவை அறிக்கையில் விட்டுவிட்டுத் தொடங்குவது துணிச்சல் ஆகாது.

காசே செலவாகாத ஒரு வழி இருக்கிறது, ஏனோ பலர் செய்வதில்லை. அடுக்குகளை மூன்று பிரிவாக்கி, எட்டு எட்டு மணி நேரமாக இருட்டைச் சுழற்றுங்கள். எந்த நேரமும் இரண்டு பிரிவு எரியும், ஒன்று அணைந்திருக்கும். சூடும் ஈரமும் 24 மணி நேரமும் சீராகும், ராத்திரிச் சிக்கலே எழாது, இயந்திரமும் சிறியதாகப் போதும். லெட்டூஸுக்குப் பக்கத்து வெளிச்சம் பட்டால் பாதகமில்லை. செவ்வந்தி, உரிமம் உள்ள நாடுகளில் கஞ்சா போன்ற, இரவு நீண்டால்தான் பூக்கும் குறும்பகல் பயிர்களுக்கு இது ஆகாது, இருட்டில் வெளிச்சம் கசிந்தால் பூப்பதே குழம்பும்.

அடுத்தது நுனிக்கருகல். உள்ளிலை ஓரம் பழுப்பானதும் கரைசலில் கால்சியத்தை ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் வீண் செலவு. கால்சியம் நீரோட்டத்தோடுதான் ஏறும். மூடிக்கிடக்கும் இளம் இலை ஆவி விடாது, அதனால் அங்கே கால்சியம் போய்ச் சேராது. நடைபாதையில் பெரிய விசிறி வைத்தும் பயனில்லை, காற்று அடுக்குக்குள் நுழையாமல் கடந்து போய்விடும். ஒவ்வொரு தட்டிலும் துளையிட்ட குழாய் ஓட்டி, மேலிருந்து குருத்தின்மேல் நொடிக்கு 0.3 முதல் 0.5 மீட்டர் வேகத்தில் காற்று இறங்கச் செய்யுங்கள். தட்டின் நடுவில் மெல்லிய நூலைத் தொங்கவிட்டால் தெரியும். நூல் அசையாத இடத்தில்தான் முதல் கருகல் வரும்.

சென்சாரைச் சுவரில் மாட்டாதீர்கள். சுவர் 65 காட்டும்போது இலைக்கூட்டத்துக்குள் 80 இருக்கலாம். இலைமட்டத்தில், நேர் வெளிச்சம் படாத மறைப்புக்குள் வையுங்கள். மேல்தட்டுக்கு ஒன்று, அடித்தட்டுக்கு ஒன்று.

இன்னொரு சங்கதி. வேரழுகலுக்குப் பயந்து கரைசலை 18 டிகிரிக்குக் குளிர்விப்பவர்கள் தொட்டிக்கும் குழாய்க்கும் காப்புறை போடாவிட்டால், அறை ஈரம் சற்று ஏறினாலும் பனிநிலைக்குக் கீழே ஆகிவிடும் அந்தப் பரப்பெல்லாம் வியர்த்துத் தரை ஈரமாகும். பிடித்தெடுத்த 150 லிட்டரை மறுபடி பயன்படுத்தலாம், உப்பே இல்லாத நீர். ஆனால் சுருளின் செம்பும் பாசியும் கலந்திருக்கும். வடிகட்டி, புற ஊதா விளக்கைத் தாண்டி, செம்பு அளவைப் பரிசோதித்த பிறகே தொட்டிக்கு விடுங்கள்.

விதை போடுமுன் ஒரு சோதனை. செடி இல்லாத அறையில் மணிக்கு ஒன்பது லிட்டர் ஆவி விடும் ஈரமூட்டிகளை வைத்து, விளக்கு அட்டவணைப்படி ஒரு முழு நாள் ஓட்டுங்கள். இலைமட்ட ஈரப்பதம் எந்த நேரத்திலாவது 80ஐத் தாண்டி அரை மணி நேரத்துக்குள் இறங்கவில்லை என்றால், அமைத்துக் கொடுத்தவருக்குக் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.