சுமை ஏற்றப் போகிறீர்களா? பின் சக்கரத்தைப் பாருங்கள்

பை கட்டிக்கொண்டு சைக்கிளில் நெடுந்தூரம் கிளம்புகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது ஃப்ரேமைப் பற்றித்தான். ஸ்டீலா, அலுமினியமா, கார்பனா? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பின் சக்கரத்தில் எத்தனை போக்ஸ் கம்பி?

பால்கேன் தொங்கவிட்டுப் போகிற பழைய கறுப்பு சைக்கிளை எண்ணிப் பாருங்கள். முன்னால் 32, பின்னால் 40. சுமை எங்கே விழும் என்று தெரிந்து போட்ட கணக்கு அது. இன்று கடையில் பளபளவென்று நிற்கிற ரோடு பைக்குகள் பலவற்றில் 24, 20 என்று குறைத்துவிட்டார்கள். ஆள் மட்டும் ஏறி ஓட்ட அது போதும். பின்னால் 20 கிலோ தொங்கினால் போதாது.

காரணம் இருக்கிறது. பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளி இருக்கும். வலப்பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக, நல்ல இறுக்கத்தில் நிற்கும், இடப்பக்கம் தளர்வு. சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வரும்போது கொஞ்சம் தளர்ந்து, மேலே ஏறும்போது மறுபடி இறுகும். சுமை கூடினால் இந்த இழுபறியும் கூடும். கடைசியில் ஹப்புக்குள் நுழைகிற அந்த வளைவில்தான் கம்பி முறியும். 'டிங்' என்று ஒரு சத்தம், அப்புறம் ரிம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரசும். வலப்பக்கக் கம்பி என்றால் மாற்றுவதற்குக் கேசட்டையே கழற்ற வேண்டும். அதற்கான கருவியைச் சாலையோரப் பஞ்சர் கடையில் எதிர்பார்க்க முடியாது.

அதனால் 36 கம்பி, இரட்டைச் சுவர் கொண்ட டபுள் வால் ரிம், கையால் கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக். பணத்தை இங்கே கொட்டுங்கள். டயர் 35 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். மாற்றுக் கம்பிகளை நீளம் பார்த்து வாங்கி ஃப்ரேமிலேயே டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.

அடுத்தது கியர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு ஏற நினைப்பவருக்கு முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்பது முழங்காலுக்குக் கேடு. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி இரண்டரை மீட்டர் போகும். அந்த ஏற்றத்தில் அவ்வளவு தூரத்தை மிதித்துத் தள்ள பெரும்பாலானவர்களுக்குக் காலில் பலம் இருக்காது. முன்னால் 22, பின்னால் 34 இருந்தால் அதே சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவுதான். நடக்கிற வேகம்தான் வரும், வரட்டுமே. உட்கார்ந்தபடியே மேலே போய்விடலாம். பழைய எம்டிபிகளில், அதாவது மலைப்பாதை சைக்கிள்களில், இந்த அமைப்பு சாதாரணமாகவே கிடைக்கும். செகண்ட் ஹேண்டில் நல்லது ஒன்று சிக்கினால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ஃப்ரேம் ஸ்டீலோ அலுமினியமோ, கேரியர் மாட்டத் திருகுத் துளைகள் இருந்தால் எனக்குச் சரி. சீட் போஸ்ட்டை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கிற கேரியர் வேண்டவே வேண்டாம். பைகள் மழை தாங்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே தடித்த பாலித்தீன் உறை போட்டுச் சமாளிக்கலாம். கனமான சாமான் அடியில், துணிமணி மேலே. கேரியர் திருகுகள் ஓட்டத்தில் தளரும், தினமும் சாயங்காலம் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்.

வாங்கும் முன் பையை மாட்டி, பயணத்துக்குப் போடப்போகிற அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு மிதித்துப் பாருங்கள். பின்பக்கம் குட்டையான ஃப்ரேமில் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். பை மாட்டி ஓட்டிப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லையா, வேறு கடைக்குப் போங்கள்.